படத்தில் இருப்பது நொண்டி நாய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பழைய நாய் பழக்குநர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. திருப்புல்லாணியிலிருந்து ஏர்வாடி வரை அவரை ‘நாய்க்கார வாத்தியார்’ என்றால்தான் தெரியும். குடும்பத்தார் விருப்பப்படி இங்கேயும் அந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். அவரை நினைவு வைத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையைப் படித்து முடித்தவர் மனதில், நாயைப் பட்டினி போட்டு வெறியேற்றிக் கௌதாரி மேல் ஏவிவிட்ட மனிதர் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அவர் செய்த வேலை அதற்கு நேர் எதிரானது. ஓடிப் பிடிப்பதை எந்த நாயும் யாரும் சொல்லித்தராமலே செய்துவிடும். பறவை மூக்குக்கு முன்னால் இருக்கும்போது அசையாமல் நிற்க வைப்பதுதான் கடினம். அவருடைய வித்தை முழுவதும் அந்த நிற்பதில்தான் இருந்தது.

முதலில் இனத்தைப் பற்றி. அவரிடம் இருந்தவை ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் என்று கட்டுரை சொல்கிறது. நம் நாட்டு நாய்களின் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய்கள். வெட்டவெளியில் முயல் ஓடினால் அவற்றுக்கு ஈடு கிடையாது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டு, கிட்டே போகாமல் நின்று காட்டுவது இவற்றின் பிறவிக்குணம் அல்ல. அதற்கென்றே ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை பாயின்டர், செட்டர் இனங்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்களும் வைத்திருந்த பாயின்டர், ஸ்பேனியல் நாய்களின் கலப்பில் வந்த குட்டிகளைத்தான் வாத்தியார் தேடிப்பிடித்து வாங்குவார். காதும் வாலும் ஊர் நாய் மாதிரியே இருக்கும். மூக்கு மட்டும் வேறு.

செட்டர் நாயின் கதை நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். துப்பாக்கி பரவுவதற்கு முன்பே அந்த நாய்கள் இருந்தன. பறவைக் கூட்டம் இருக்குமிடத்தை மோப்பத்தால் கண்டு நாய் தரையோடு படுத்துக்கொள்ளும். பின்னால் வருபவர்கள் நாயின் தலைக்கு மேலாகவே வலையை வீசி மூடுவார்கள். நாய் ஒரு சாண் முன்னால் பாய்ந்தாலும் வலை வீண். ஆக, நிற்பதுதான் தொடக்கத்திலிருந்தே அதன் தொழில்.

நீங்கள் வெளியிட்ட படத்தில் முன்னங்கால் ஒன்றை மடக்கி, வாலை நேராக நீட்டி நிற்கும் நாயைப் ‘காலில் அடிபட்ட நாய்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியும் இல்லை, நோவும் இல்லை. நடந்து வரும்போது எந்த நொடியில் மோப்பம் பிடிபட்டதோ அந்த நொடியில் அப்படியே உறைந்திருக்கிறது. தூக்கிய காலை ஊன்றவில்லை, அவ்வளவுதான். மூக்கு காட்டும் திசையில் சில அடி தூரத்தில் பறவை இருக்கும்.

கௌதாரியில் இன்னொரு சிக்கல் உண்டு. பதுங்கியபடி ஓரிடத்தில் அது இருந்துவிடாது. ஆபத்து என்றால் முதலில் ஓடும், வேறு வழியே இல்லாதபோதுதான் ‘சடார்’ என்று கிளம்பும். உடைமரமும் பனங்கன்றும் மண்டிக் கிடக்கும் எங்கள் மணற்காட்டில் அது நூறு அடியை மனிதன் கண்ணில் படாமலே ஓடிக் கடந்துவிடும். நாய் நிலை பிடித்து நிற்கும், பறவை அதற்குள் நழுவிப் போயிருக்கும். அந்த நேரத்தில் நாய் தானாகவே நான்கு அடி மெல்ல நகர்ந்து, மறுபடி நிற்க வேண்டும். இந்த நகர்வுக்கு இடம் கொடுக்கும்போதே பாய்ச்சலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் நுட்பம். கயிற்றை இறுக்கிப் பழக்கியவர்களின் நாய் நகரவே நகராது, வெறும் புதரை வெறித்துக்கொண்டு நிற்கும். தளர்த்திப் பழக்கியவர்களின் நாய் ஊர்ந்து ஊர்ந்து போய்ப் பறவையை முன்கூட்டியே கிளப்பிவிடும்.

இனி அவர் பழக்கிய முறை. கட்டுரையில் இதற்கு மூன்று வரிதான் கிடைத்திருந்தது.

ஏழெட்டு வாரக் குட்டியில் முதல் சோதனை காது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கைதட்ட வேண்டும். காற்று படாத தூரத்தில் தட்டுவது முக்கியம். காற்று பட்டால் செவிட்டுக் குட்டியும் திரும்பும். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி, கூப்பிட்டால் வரும், ஆனால் எந்தத் திசை என்று தடுமாறும். எனவே இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

‘நில்’ என்ற சொல் சோற்றுத் தட்டில்தான் ஆரம்பம். தட்டைக் கீழே வைத்து, மார்பில் ஒரு கையைக் கொடுத்துத் தடுத்து, ஒரு தடவை மட்டும் ‘நில்’. முதல் வாரம் இரண்டு நொடி, மாதக் கடைசியில் அரை நிமிடம். பிறகு ‘போ’. வீட்டில் ஒருவர் ‘நில்லுடா’ என்பதும், இன்னொருவர் ‘இரு இரு’ என்பதும், பிள்ளைகள் பத்து தடவை கத்துவதும் கூடாது. பத்தாவது தடவைக்குத்தான் நிற்க வேண்டும் என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும். சொல் ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பது அவர் கட்டளை: நில், போ, வா, எடு, விடு. தூரத்துக்குச் சீழ்க்கை. நீளமாக ஒன்று என்றால் நிற்க, குறுகலாக இரண்டு என்றால் திரும்ப.

மூங்கில் கழியில் ஆறடி நூல் கட்டி, நுனியில் கோழிச் சிறகைத் தொங்கவிட்டு ஆட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குட்டி பாயும், சிறகைத் தூக்கிவிட வேண்டும். நாலைந்து தடவை ஏமாந்தபின் பாயாமல் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே அதைத் தினமும் செய்து காட்டி நாயைக் கெடுத்தவர்கள் உண்டு. சிறகைக் கண்ணால் பார்த்துத்தானே நிற்கிறது? மூக்கு வேலை செய்யவில்லை. குட்டிக்குள் அந்தக் குணம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று தடவை போதும், பிறகு கழியைப் பரணில் போட்டுவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் கயிறு. முப்பது அடி நீளம், சுண்டுவிரல் கனம். தேங்காய்நார்க் கயிறு கையை அறுக்கும், நூல் கயிறு பனியில் நனைந்து கனக்கும். இந்தக் கடற்கரையில் வலைக்குப் பயன்படும் நைலான் கயிறு சரியாக இருக்கும். நுனியில் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு உடைமர வேரில் சிக்கினால் ஓடுகிற நாயின் கழுத்து ஒடியும். நெருப்பில் காட்டி நுனியை உருக்கிவிட்டால் பிரியாது. கயிற்றைச் சுண்டி இழுப்பதில்லை, நாய் அதன் எல்லைக்கு வரும் முன்பே சீழ்க்கை கொடுத்து, மெல்ல மிதித்துப் பிடிப்பது.

தேடுவது எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாக. ஏர் சால் போட்டதுபோல் இந்தப் பக்கம் அறுபது அடி, அந்தப் பக்கம் அறுபது அடி, ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் முன்னேற்றம். வாடை வீசும் மாதங்களில் வடக்கு நோக்கியும், கச்சான் காலத்தில் தென்மேற்கு நோக்கியும் நிலத்தைப் பிரித்துக்கொள்வார். (வாடை என்றால் எங்களுக்குக் காற்றும் உண்டு, மணமும் உண்டு. நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.) காற்று முதுகில் இருந்தால் நல்ல நாய்கூடப் பறவை மேல் மோதிய பிறகுதான் அறியும். பழியை நாய் மேல் போடுவார்கள். காலைப் பனி ஈரம் உள்ளபோது மோப்பம் தரையில் தங்கும். பத்து மணிக்கு மேல் காய்ந்த மணலில் தங்காது. அதைவிட முக்கியம், வெயிலில் நாய் வாயால் இரைக்கத் தொடங்கினால் மூக்கால் முகர்வது குறைந்துவிடும். வேலை விடிந்ததும் தொடங்கி எட்டரைக்குள் முடிய வேண்டும். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் நிழல், தண்ணீர். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் பசைபோல் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தண்ணீரைக் கையோடு எடுத்துப் போவதும் இதற்காகத்தான். தாகத்தில் நாய் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வந்து இன்னும் வறண்டுபோகும்.

பறவை கிளம்பியதும் துரத்தினால் என்ன தண்டனை? கட்டுரை ‘சவுக்கு’ என்கிறது. பறவை பக்கத்தில் இருக்கும்போது நாயை அடித்தால் அது துரத்தியதற்காக அடித்ததாகப் புரிந்துகொள்ளாது. பறவை மணம் வந்தால் அடி விழும் என்றுதான் கற்கும். அப்புறம் மணம் பிடிபட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் வேறு பக்கம் போகும். பறவை நாய்க்கு வரக்கூடிய கேடுகளில் இதைவிட மோசமானது இல்லை, திருத்துவதும் அரிது. வாத்தியார் செய்தது வேறு. நாயைப் பேசாமல் தூக்கிவந்து, அது முதலில் நின்றிருக்க வேண்டிய அதே இடத்தில் நாலு காலையும் ஊன்ற வைத்து, முதுகைத் தடவி ‘நில்’. அவ்வளவுதான். ஒரே காலையில் இருபது தடவை தூக்கிவந்து வைத்தாலும் குரல் உயராது. தூக்கிப்போன நாயா வேட்டை பிடிக்கும் என்று கேலி பேசியவர்களும் உண்டு.

வெடிச் சத்தம் இன்னொரு பாடம். பலர் குட்டியை நேராகக் காட்டுக்குக் கொண்டுபோய்த் தலைக்கு மேல் சுட்டுக் கெடுத்தார்கள். வெடிக்கு மிரண்ட நாய் தீபாவளிக்கும் கோயில் வாணத்துக்கும் ஆயுள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான். சரியான வழி, நாய் ஆர்வமாகச் சாப்பிடும்போதோ தேடும்போதோ நூறு தப்படி தூரத்தில் தாம்பாளத்தைத் தட்டுவது. காதை மடக்காமல், வாலை இறக்காமல் இருந்தால் வாரத்துக்குப் பத்துத் தப்படி கிட்டே வரலாம். ஒரு தடவை மிரண்டாலும் மறுபடி பழைய தூரத்துக்கே போக வேண்டும். இன்றைக்குத் துப்பாக்கி இல்லை என்றாலும், பட்டாசுக்கு நடுங்கும் வீட்டு நாய்க்கு இந்த முறை அப்படியே பயன்படும்.

சுட்டு விழுந்த பறவையை எடுத்து வருவதில் பட்டினிக் கதை பொய் என்பது விளங்கும். பசித்த நாய் பறவையை வாயில் வைத்தால் கடிக்கும், விழுங்கவும் பார்க்கும். பல் பதியாமல் எடுத்து வரும் வாய்க்கு ‘பஞ்சு வாய்’ என்பார்கள். முந்தின நாள் மாலையே வயிறு நிறையக் கேப்பைக் களியும் மீன் தலையும். கருவாடு கிடையாது, உப்பு அதிகம். வேலைக்குப் போகும் காலையில் எதுவும் இல்லை, திரும்பி வந்து ஒரு மணி நேரம் ஆறிய பின் உணவு. கனத்த வயிற்றோடு ஓடவிட்டால் நோவு வரும்.

பழகும் பொருள் ஒரு சாண் நீளச் சாக்குச் சுருள். உள்ளே தென்னை நார், மேலே நாலு இறகு. கால் கிலோவில் தொடங்கி அரைக் கிலோ வரை. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால்பல் விழுந்து ஈறு புண்ணாக இருக்கும், அப்போது இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். கவ்வினால் வலிக்கும் என்று ஒரு தடவை பதிந்தால் பிறகு கவ்வ மறுக்கும். பிள்ளைகளோடு துணியை இழுத்து விளையாட விடுவதும் வாயைக் கெடுக்கும். எடுத்து வந்ததைப் பிடுங்குவதும் அப்படியே. பிடுங்கினால் இறுக்கும். கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, ‘விடு’ என்று காத்திருந்தால் தானாக வைக்கும். கண்மாய்த் தண்ணீரில் கூடுதலாக ஒன்று: கரையேறியதும் உடம்பை உதற நாய் வாயில் உள்ளதைக் கீழே போடும். எனவே பழக்குபவர் கரையில் நிற்காமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் அப்படிச் செய்தபின் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கலாம்.

வீடு திரும்பியதும் பாதம். கிளிஞ்சல் கீறிய இடத்தில் உப்புநீர் தங்கினால் ஆறாது, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். மேலே பார்த்தால் தெரியாது, விரல் இடுக்கை விரித்து நுனிவிரலால் தடவினால்தான் தட்டுப்படும். சீமைக்கருவேலம் இந்த மாவட்டத்தைப் போர்த்திய பிறகு பாதம் பார்க்கும் நேரமே வேலை நேரத்துக்குச் சமமாகிவிட்டது.

வாத்தியாரின் தொழில் எப்படி முடிந்தது என்பதைக் கட்டுரை ஏக்கத்தோடு சொல்கிறது. எங்களுக்கு அந்த ஏக்கம் இல்லை. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்று நடந்த சிறு வேட்டையையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுத்தியது. கௌதாரியோ காடையோ முயலோ, நாயை விட்டுத் துரத்துவதும் வேட்டைதான், குற்றம்தான். பயிற்சி என்ற பெயரில் உயிருள்ள முயலை நாய் முன் விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கும் எதிரானது. இரவில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு, நாட்டு நாய்களோடு முயலுக்குப் போய், அதைப் படம்பிடித்துப் பெருமை பேசும் இளைஞர்கள் உங்கள் கட்டுரையை ஆதரவாகக் காட்டத் தொடங்கியிருப்பதால்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறோம். வாத்தியார் வழி என்று அவர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. அவர்களுடைய நாய்களுக்கு நிற்கவே தெரியாது.

நிற்கத் தெரிந்த நாய்க்கு இன்று வேறு வேலை இருக்கிறது. நியூசிலாந்தின் ரெசல்யூஷன் தீவில் 1894ல் காப்பாளராக அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹென்றி, பறக்க முடியாத காகாபோ கிளிகளை மோப்ப நாயின் உதவியால்தான் கண்டுபிடித்துத் தீவுக்கு மாற்றினார். நாயின் வாய்க்கு மூடி, கழுத்தில் மணி. இன்றும் அந்த நாட்டில் அரிய பறவைகளைக் கணக்கெடுக்க நாய்களைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் பாட்ரே தீவுக் கடற்கரையில் ரிட்லி ரேஞ்சர் என்ற சிறிய டெரியர் நாய் மணலுக்கடியில் இருக்கும் ஆமை முட்டைக் குழிகளை மோப்பத்தால் காட்டிக் கொடுத்தது. நம் தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் வனத்துறையினர் விடியற்காலையில் தடம் பார்த்துத்தான் குழியைத் தேடுகிறார்கள். காற்று தடத்தை அழித்துவிட்ட நாளில் அது கிடைக்காது, தெருநாய்க்குக் கிடைத்துவிடும். ஆலா, ஆள்காட்டிப் பறவைகளும் வெறும் தரையில் முட்டையிடுபவை. முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் ஆளும் வண்டியும் மிதித்துவிடுவதுண்டு.

எல்லா இடத்துக்கும் நாய் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை சரணாலயங்களில் நாரைகள் கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கரையில் நின்றாலே எண்ணிவிடலாம், அங்கே நாயைக் கொண்டுபோவது தொந்தரவு மட்டுமே. திறந்த மணலில் தேடும்போதும் வனத்துறையின் எழுத்து அனுமதியும், வாய்மூடியும், கையில் கயிறும் கட்டாயம். நாய் குழிக்கு ஓரடிக்கு அப்பால் உட்கார வேண்டும், தோண்டும் பழக்கமுள்ள நாயை முதல் நாளே கழித்துவிட வேண்டும். கூட்டின் அருகே இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தாய் எழுந்துபோன முட்டை வெயிலில் வெந்துவிடும், ஆள் நிற்கும் இடத்தைக் காக்கை பார்த்து வைத்துக்கொள்ளும்.

வாத்தியாரிடம் பழகியவர்களில் சிலர் இன்னும் சேதுக்கரை, பெரியபட்டினம் பக்கம் இருக்கிறார்கள். வயது எண்பதை ஒட்டியவர்கள். அவர்களிடம் பேசிப் பதிவு செய்ய உங்கள் நிருபரை அனுப்பினால் அழைத்துப்போக ஆள் தருகிறோம்.

இன்னொரு திருத்தம். அதே படத்தில் நாயின் கழுத்தில் தெரிவதை ‘அலங்கார மணி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஆட்டு மணி. உடைமரக் காட்டுக்குள் போன நாய் கண்ணுக்குத் தெரியாது. மணி கேட்கும் வரை நாய் தேடிக்கொண்டிருக்கிறது. மணி சட்டென்று நின்றால் நாய் நின்றுவிட்டது, பறவை அங்கே இருக்கிறது. அடுத்த முறை அந்தப் படத்தை வெளியிடும்போது இதைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாய் பழக்குவதிலும் பறவை பார்ப்பதிலும் ஈடுபாடுள்ள நால்வர்,
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.